நான்கெல்லைக்குள் ஒரு பூனை

நிலத்தைக் கொடுத்துப் பூனை வாங்கியவன் நான். உயிருள்ள பூனைகூட இல்லை. அப்படி இருந்திருந்தால் எலியாவது பிடித்திருக்கும். நான் வாங்கியது கார்ட்டூன் பூனை. திருச்சுழிப் பாதையோரம் அப்பா எனக்கென்று விட்டுவைத்திருந்த ஒரு துண்டுக் கரிசல் புஞ்சையை மதுரைக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் குடை பிடித்து நடக்கும் பூனை ஒன்றை, ஏழு படச்சுருளோடு, பத்திரம் போட்டு வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. விவரம் தெரியாத வயசு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அருப்புக்கோட்டையில் டூரிங் டாக்கீஸ் வைத்திருந்தார். ஒரு கூடாரம், ஒரு ஆயில் எஞ்சின், படம் ஓட்ட ஒரே ஒரு மெஷின், மணல் தரை. பஞ்சு அரவை மில்லில் தும்மிக்கொண்டே எடை எழுதிக்கொண்டிருந்த என்னை, தங்கச்சி முகத்துக்காக மானேஜராக வைத்துக்கொண்டார். மானேஜர் என்றால் டிக்கெட் கிழிக்க வேண்டும், மணலில் பீடித் துண்டு பொறுக்க வேண்டும், படம் அறுந்தால் சனங்களிடம் வசவு வாங்க வேண்டும். எனக்கு அது கவர்னர் உத்தியோகமாகத் தெரிந்தது.

அந்த உத்தியோகத்துக்கு ஆபத்து வந்தது. பஜார் பக்கம் ஒரு பெரிய மனிதர் செங்கல் வைத்தே தியேட்டர் கட்டிவிட்டார். உள்ளே மின்விசிறி. எங்கள் கூடாரத்தில் காற்று வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். வெளியே போனவர்கள் அப்படியே அங்கே போனார்கள்.

மச்சான் ஒருநாள் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தை பிறக்குறதுக்குள்ள கூட்டத்தச் சேத்துக் காட்டு மாப்ள. இல்லேன்னா கூடாரத்தப் பிரிச்சு முதுகுளத்தூர்ப் பக்கம் கொண்டு போயிருவேன்."

"அப்ப நான் மச்சான்?"

"மில்லு எங்கயும் போகலேல்ல?"

அந்த வாரம்தான் மதுரைக்காரர் வந்தார். படப்பெட்டிகளை ஊர் ஊராக விற்பவர். பூனையின் வம்சாவளியை அவர்தான் சொன்னார். அமெரிக்காவில் ஒருவன் பூனையை வரைந்தான். அவனுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி, பூனை எங்களுடையது என்றது. அந்தக் கம்பெனி நொடித்ததும், இன்னொரு கம்பெனி மேசை நாற்காலியோடு சேர்த்துப் பூனையையும் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து மதராஸ், மதராசிலிருந்து மதுரை. இத்தனை கை மாறியதில் யாராவது பூனைக்கு ஒரு மீசை மயிராவது புதிதாக வரைந்தார்களா என்று நான் கேட்கவில்லை. வரைந்தவன் பெயர் என்னவென்றும் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்காது. சொத்து கைமாறும்போது இதையெல்லாமா கேட்பார்கள்?

"ரைட்டோட தாரேன்" என்றார்.

"ரைட்டுன்னா?"

"ஒங்க ஏரியாவுல அந்தப் பூனை நடக்கணும்னா ஒங்களக் கேட்டுத்தான் நடக்கணும்."

என் வாழ்க்கையில் என்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை. உடனே சரி என்றேன். மனைவியிடம் சொன்னபோது, "நெலத்துக்கு வருஷம் ஒரு வெள்ளாமையாவது உண்டு. பூனைக்கு என்ன உண்டு?" என்றாள். பொம்பளைக்குச் சினிமாத் தொழில் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன், சொல்லவில்லை. அந்த அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது.

பத்திரம் எழுதியவர், ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்காரும் பெரியவர். நிலத்தையும் வீட்டையும் தவிர வேறெதையும் எழுதியறியாதவர்.

"மொதச் சொத்து புஞ்சை. சரி. ரெண்டாவது சொத்து என்ன, பூனையா?"

"பூனைதான் ஐயா. குடை வச்சிருக்கும்."

"குடையத் தனியா எழுதணுமா, பூனைக்குள்ளயே அடங்கிருமா?"

"அடங்கிரும்" என்றார் மதுரைக்காரர்.

"நாலெல்லையச் சொல்லுங்க."

"பூனைக்கா?"

"எல்லை இல்லாத சொத்த நான் எழுதுறதில்ல தம்பி."

மதுரைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அதுவும் நல்லதுதான். எந்த ஏரியா வேணுமோ நீங்களே சொல்லிருங்க."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டே ராஜ்யம் பிரிக்க முடியுமா? கையை வீசிச் சொன்னேன். "மேக்க அருப்புக்கோட்டை. வடக்க காரியாபட்டி. கெழக்க நரிக்குடி. தெக்க பரளச்சி."

நான்கு ஊரும் என் பூனைக்கு என்று நெஞ்சு விம்மியது. பெரியவர் எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தார். மரம் மட்டை, கிணறு, பூமிக்குள் புதையல் இருந்தால் அதுவும் உட்பட என்று வழக்கமான வாசகமெல்லாம் வந்தது. பூனைக்குள் புதையல் இருந்தாலும் அது எனக்குத்தான். மிச்சத்தை நான் காதில் வாங்கவில்லை. அது ஊமைப் படம். பூனைக்கு நான்தான் குரல் கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால், வாய்க்குள் மியாவ் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நான் அந்தச் சொத்தை நிர்வாகம் செய்த அழகை எந்தச் சீமைக் கம்பெனியும் பார்த்துப் படிக்கலாம். அந்தக் காலத்துப் படச்சுருள் சூட்டில் தீப்பிடித்துவிடும். எங்கள் ஊரில் சூட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஏழு டப்பாவையும் ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் பூனைக்குத் தண்ணீர் உண்டு. எல்லாச் சுருளையும் ஒரேயடியாகக் காட்டினால் மவுசு போய்விடும் என்று வாரம் ஒன்றுதான் வெளியே விட்டேன். மாட்டுவண்டியில் தட்டி கட்டிப் பூனையை வரையச் சொன்னேன். வரைந்தவன் குடையைப் பெரிதாகவும் பூனையைச் சின்னதாகவும் போட்டுவிட்டதால், பாதி ஊர் குடைக் கடை விளம்பரம் என்று நினைத்தது. இருந்தாலும் கூட்டம் வந்தது. திரையோரம் தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு, "ஏலே நாயி, வழிய விடுறா, மழை வரப்போகுது" என்று நான் பூனையாகக் கத்தினால் மணல் தரை குலுங்கியது. மழையே பெய்யாத ஊரில் குடையோடு ஒருத்தன் திரிவதே அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

மூன்றாவது வாரம் மச்சானே பெஞ்சு கிடைக்காமல் நின்று பார்த்தார். "பரவால்ல மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

நான்காவது வாரம் பஜார் தியேட்டர் வாசலில் தட்டி வைத்திருந்தார்கள். தட்டியில் என் பூனை. அதே குடை. குடையின் அளவு மட்டும் சரியாக இருந்தது.

பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன். தியேட்டர் முதலாளி ஈஸிச்சேரில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. என்ன இப்பிடி வேர்த்து ஊத்துது? காத்தாடிக்குக் கீழ ஒக்காருங்க."

"இது என் பூனை."

"இருக்கட்டும், இருக்கட்டும். காயிதம் வச்சிருக்கீகளா?"

நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன போட்டிருக்கு இதுல? 'அருப்புக்கோட்டைக்குக் கிழக்கு, காரியாபட்டிக்குத் தெற்கு, நரிக்குடிக்கு மேற்கு, பரளச்சிக்கு வடக்கு. இதற்கு உட்பட்டது.' நம்ம இப்ப எங்க இருக்கோம் தம்பி?"

"அருப்புக்கோட்டைல."

"அருப்புக்கோட்டைக்குக் கெழக்கயா, அருப்புக்கோட்டைலயா?"

நான் அவர் விரல் இருந்த வரியை எட்டிப் பார்த்தேன்.

"பக்கத்துப் புஞ்சைக்காரன எல்லையாக் காட்டுனா, அவன் புஞ்சையும் ஒங்களுக்குச் சேந்துருமா? டவுனுக்குள்ள ரைட்ட அந்த மதுரைக்காரர்ட்ட நான்ல வாங்கிருக்கேன். ஞாயப்படி ஒங்க பூனைதான் நாலு வாரமா எங்க எல்லைக்குள்ள வந்து மேஞ்சிருக்கு. மாடா இருந்தா பவுண்டுப் பட்டில அடைக்கலாம். பூனைய எங்க கொண்டு அடைக்க?"

பக்கத்தில் இருந்த அவருடைய கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

கரிசலில் பிறந்து, எல்லைத் தகராறுகளைக் கேட்டே வளர்ந்தவன் நான். எல்லையாகச் சொல்லப்படுவது சொத்துக்குள் வராது என்பது ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். ஊர் இருக்கிற நான்கு இடத்தையும் நானே கையை வீசி வெளியே தள்ளிவிட்டு, நடுவில் திருச்சுழியையும் மிச்சத்துக்கு வேலங்காட்டையும் பூனைக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பத்திரம் எழுதிய பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். "நீங்க சொன்னதத்தான் தம்பி எழுதுனேன். வாசிச்சும் காட்டுனேன். நீங்கதான் என்னமோ மொனங்கிக்கிட்டு இருந்தீக" என்றார். மியாவ் என்றுதான் முனகினேன் என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

பூனையை நிறுத்தினோம். ஒரே வாரத்தில் பெஞ்சு காலியானது. மச்சான் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தை பிறப்பதற்கு முன்பே கூடாரம் சுருட்டி லாரியில் ஏறியது. மெஷின் ஏறியது, எஞ்சின் ஏறியது. ஏழு டப்பாவை மட்டும் மச்சான் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தார். "முதுகுளத்தூரு ஒன் எல்லைக்குள்ள வராது மாப்ள" என்றார்.

மறுநாள் மில்லுக்குக் கிளம்பும்போது மனைவியிடம் சொன்னேன். திருச்சுழி இன்னும் நம்முடையதுதான், எங்காவது ஒரு மெஷினை வாடகைக்குப் பிடித்துவிட்டால் அங்கே பூனையை விடலாம், சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்றேன்.

தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஊரு சிரிக்கிறதுக்கு ஒங்களுக்கு எதுக்குங்க பூனை?"