படங்குக்குப் பை வைத்தவள்

கொட்டகலை பஜாரில் பைஸருக்குப் பெரிய துணிக்கடை. எதிரே ஏஞ்சலாவுக்கு ஒரு தையல் மெஷின் போடத்தான் இடம். ஆனாலும் பைஸரின் கண் நாள் முழுக்க அங்கேதான் கிடந்தது.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரம் படாமலிருக்க இடுப்பில் சுற்றிக்கட்டும் படங்கு, காலங்காலமாக வெறும் றெக்சின் துண்டுதான். ஏஞ்சலா அதில் போன் வைக்க ஒரு பை தைத்தாள், அவ்வளவுதான். சம்பள நாளில் கூட்டம் முழுக்க அவள் வாசலில். அத்தனைக்கும் றெக்சின் பைஸரின் கடையில் வாங்கியது! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"நம்மட துணியில அவளுக்குப் பேர்," என்று மனைவி ஜிப்ரியாவிடம் பொருமினார்.

எதிர்க்கடையில் தொங்கியதைத் தூரத்திலிருந்தே பார்த்து, அதே மாதிரி தைக்கச் செய்தார். பை பளிச்சென்று தெரியட்டும் என்று வெளிப்பக்கம் வைத்தார். முதல் மழையிலேயே, அதை வாங்கிப்போன கொழுந்துக்காரி லெட்சுமி செத்துப்போன போனோடு வந்து நின்றாள்.

"மொதலாளி, ஈரச் செடி இடுப்புல மோதிக்கிட்டே இருக்கும். பை நெறைய தண்ணி!"

"அவள்ட பை மட்டும் நனையாதா?"

"அது உள்பக்கம் இருக்கு. அந்தக்கா எங்களக் கேட்டுத் தச்சாங்க. நீங்க அவுங்களப் பார்த்துத் தச்சீங்க."

சுருக்கென்று தைத்தது. போனைத் தன் செலவில் திருத்தித் தருவதாகச் சொன்னார். அவள் திரும்பும்போது, கேட்கவே பிடிக்காமல், கேட்டார்: "வேற என்ன கரச்சல் உங்களுக்கு?"

லெட்சுமி உச்சந்தலையைத் தடவினாள். "கூடைக்கயிறுதான். மண்டைய அறுக்குது."

கடை மூலையில் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றை உள்ளே திணித்து, கயிற்றில் கோர்த்துக்கொள்ள மெத்தென்று ஒரு பட்டி தைத்தார். முதலில் லெட்சுமியிடம் கொடுத்தார். வழுக்குகிறது என்றாள். பிரித்துத் தைத்தார். அடுத்த சம்பள நாளில் கூட்டம் ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது.

கடைசியாக ஏஞ்சலாவும் வந்தாள். பட்டியை எடுத்து, புரட்டி, தையலை நகத்தால் நெருடினாள்.

"யாரு யோசனை, பைஸர் நானா?"

"நம்மடதான்."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். உதடுதான் சொன்னது. கண் பட்டியை விடவில்லை. அந்தப் பார்வையைப் பைஸருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை மாதமும் அதை வைத்துக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்தவர் அவர்தானே!

அன்று மத்தியானம் ஜிப்ரியாவிடம் இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.