துண்டு போட்ட சீட்டு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், வடமதுரை பஸ்ஸின் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து ஒரு வியர்வைத் துண்டு என் முகத்தை உரசிக்கொண்டு பக்கத்து சீட்டில் விழுந்தது. கையில் மாவுக்கட்டோடு அங்கே உட்காரப்போன பையன் தயங்கி நின்றான். பின்னாலேயே துண்டுக்காரர் ஏறி வந்தார். மீசைக்குப் போட்ட சாயம் கன்னத்திலும் கறையாக அப்பியிருந்தது.

"துண்டு போட்ருக்கம்ல அப்பு" என்று அவனை விலக்கிவிட்டு உட்கார்ந்தார்.

பஸ் கிளம்பியதும் அவர் செல்போனில் மல்யுத்தம் அலறியது. நான் கேட்காமலே என்னிடம் விளக்க ஆரம்பித்தார்.

"அமெரிக்காவுல ரெண்டு கம்பெனி. இது நொடிச்சுப்போன கம்பெனி. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுத்தான் சண்டை. பேரெடுத்த கெழடுக தோக்கவே மாட்டேன்னு சாம்பியன் பெல்ட்டைப் புடிச்சுக்கிட்டானுக. எளவட்டப் பயலுக எம்புட்டு நாள் பொறுப்பானுக? எதிர்க் கம்பெனிக்குப் போயிட்டானுக. கூட்டமும் அங்கிட்டுப் போயிருச்சு. எடத்தை விடத் தெரியாத பயலுக, த்தூ!"

நிஜமாகவே துப்பினார். என்னைத் தாண்டிச் சன்னலுக்குப் போன எச்சிலில் பாதி என் சட்டையில்.

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. பையனுக்கு இடம் விட்டு எழுந்தேன். நான் சீட்டை விட்டு வெளியே வந்ததும் அவர் சன்னலோரம் நகர்ந்து, தான் இருந்த இடத்தில் துண்டை விரித்தார்.

"அடுத்த ஸ்டாப்புல நம்மாளு ஏறுவாரு."

அந்தக் கம்பெனி விழுந்த காரணத்தை அவர் சரியாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் குமட்டுகிறது.