அல் ஐன் கேம்ப்ல நான் ஜெயிச்ச ஆட்டம்

சீட்டாட்டத்துல எனக்குப் பொறுமையே கெடையாது. எதிர்ல இருக்கவன் ஒரு சீட்டப் போட ரெண்டு நிமிஷம் யோசிச்சான்னா எனக்குக் கையெல்லாம் அரிக்க ஆரம்பிச்சிரும். வாய் சும்மா இருக்காது. அல் ஐன் கேம்ப்ல என்கிட்ட வாங்கிக் கட்டிக்காத ஆளே இல்ல, அவங்களும் பதிலுக்கு ரெண்டு மடங்கு குடுப்பாங்க. அன்னிக்கு மட்டும் ஒருத்தனும் திருப்பிக் குடுக்கல. அதுலயே எனக்கு வெளங்கியிருக்கணும், மரமண்ட, வெளங்கல.

ரெண்டாயிரத்து அஞ்சோ ஆறோ இருக்கும். துபாய்க்குப் பக்கத்துல அல் ஐன்ல நான் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற வேலைல இருந்தேன். வெள்ளிக்கிழம லீவு, மெஸ் ஹால்ல சீட்டு. காசு வச்சு ஆடினது தெரிஞ்சா விசாவக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்க, அதனால வெறும் ஆட்டந்தான். கேரளாக்காரங்ககிட்ட கத்துக்கிட்ட இருபத்தெட்டு. நாலு பேரு ஒக்காரணும், எதிரெதிரா இருக்க ரெண்டு பேரு ஒரு ஜோடி. அந்த வருஷம் ஒரு சப் காண்ட்ராக்டருக்கு என்ன தோணுச்சோ, போட்டி வச்சாரு. ஜெயிக்கிற ஜோடிக்கு ஊருக்குப் போய்வர டிக்கெட்டு, கம்பெனிகிட்டப் பேசி ஒரு மாச லீவும் வாங்கித் தர்றேன்னாரு.

எனக்கு அந்த டிக்கெட்டு வேணும். அம்மாவுக்கு நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டு, படுத்தா மூச்சு விட முடியாம ராவெல்லாம் ஒக்காந்தே இருந்துச்சு. என் லீவுக்கு இன்னும் எட்டு மாசம் கெடந்துச்சு. அது வரைக்கும் அம்மா தாங்காதுன்னு அக்கா வாய்விட்டுச் சொல்லல, ஆனா ஃபோன் பேசுறப்பல்லாம் எப்ப வர்றன்னு மட்டும் கேக்கும். அம்மாவப் பாக்கணும், அவ்வளவுதான். அதுக்காக நாலு வெள்ளிக்கிழம வெறி புடிச்ச மாதிரி ஆடி, பைனலுக்கு வந்துட்டோம்.

என் ஜோடி எங்க ரூம்ல மூத்தவரு, கம்பி கட்டுறவரு. எனக்கு அண்ணன் மாதிரின்னு சொன்னா கொறச்சல், காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்குக் கஞ்சி ஊட்டி விட்ட மனுஷன். எதிர்ல ஒரு பிளம்பரும் ஒரு எலக்ட்ரீஷியனும். பிளம்பர் எச்சியத் தொட்டுத் தொட்டு சீட்ட அடுக்குவான், அடுக்கினதக் கலைச்சு மறுபடி அடுக்குவான், ஹால்ல பாதிப் பேரு டீ குடிச்சுட்டு வந்துருவாங்க. எலக்ட்ரீஷியன் அதுக்கு மேல. ஒவ்வொரு ஆட்டமும் முடிஞ்ச ஒடனே, நீ அந்தச் சீட்டப் போட்டிருக்கணும், இவன் இதப் போட்டிருக்கணும்னு பாடம் எடுப்பான். ஆனா கெட்டிக்காரன். அவனுக்கும் டிக்கெட்டு வேணும், பொறந்து ரெண்டு வருஷமான புள்ளைய போட்டோவுலதான் பாத்திருக்கான்.

காலைல ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சோம். மொத்தம் இருபத்தஞ்சு ஆட்டம். பத்து மணிக்கு நாங்க ரெண்டு ஆட்டம் பின்னால இருந்தோம். அப்ப அண்ணன் ஃபோன் அடிச்சுச்சு. நம்பரப் பாத்துட்டு எந்திரிச்சு வெளிய போனாரு. ஆட்டத்துக்கு நடுவுல எவனாச்சும் எந்திரிப்பானான்னு எனக்கு எரிச்சல்.

எங்க அம்மா செத்துப்போன சேதிதான் அது.

கேம்ப்ல ஒரு வழக்கம். ஊர்ல சாவுன்னா சம்பந்தப்பட்டவனுக்கு நேரா ஃபோன் வராது, ரூம்ல மூத்தவருக்குத்தான் வரும். பாஸ்போர்ட்டு கைக்கு வர்ற வரைக்கும் அவன்கிட்டச் சொல்ல மாட்டாங்க. பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனி லாக்கர்ல கெடக்கும், எடுக்க ரெண்டு நாளும் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம். சேதியும் தெரிஞ்சு, போகவும் முடியாம ஒருத்தன் சோறு தண்ணியில்லாமக் கெடக்குறதப் பாத்தவங்க உண்டாக்கின வழக்கம். நானே ரெண்டு பேருகிட்ட அப்படி மறச்சிருக்கேன், வாய் கூசாம.

அண்ணன் அரைமணி நேரங்கழிச்சு வந்தாரு. சப் காண்ட்ராக்டர் ஃபோன் பண்ணாருன்னு சொல்லிட்டு ஒக்காந்தாரு. அதுக்கப்புறம் அவரு ஆடின ஆட்டம் இருக்கே, சின்னப் புள்ள கூட ஆடாது. நான் எறக்கின ஜாக்கி, அத மிஞ்சின சீட்டே கெடையாது, அத அவரே துருப்புப் போட்டு வெட்டுனாரு. அத்தன பேரு முன்னாடி நான் கேட்டுப்புட்டேன், "அண்ணே, ஒங்களுக்கு எங்க அம்மாவப் பத்தி அக்கற இருக்கா இல்லையா?" அவரு என்ன நிமிந்து பாக்கல. சீட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

தொழுகைக்கு ஆட்டத்த நிறுத்தினோம். அந்த நேரத்துல மத்த ரெண்டு பேருக்கும் விஷயம் போயிருச்சு போல. மறுபடி ஒக்காந்தப்ப எலக்ட்ரீஷியன் பாடம் எடுக்கல. கையில ஒண்ணுமே இல்லாம, மொத்தமிருக்க இருபத்தெட்டுல இருபத்திநாலு பாயிண்ட் எடுக்கிறேன்னு ஏலம் கேட்டுத் தோத்தான். அடுத்ததுலயும் அதே. எனக்குக் குஷி தாங்கல. கரண்ட்டு அடிச்சு மூள கருகிப்போச்சாடான்னு கேட்டேன், ஹால்ல ஒருத்தனும் சிரிக்கல. பிளம்பர் முன்னவிட மெதுவா ஆடினான், நான் அவனையும் விடல. அவனவன் எனக்காக டிக்கெட்ட விட்டுக் குடுத்துக்கிட்டிருக்கான், நான் அவன் மூஞ்சில காறித் துப்புற மாதிரி பேசிக்கிட்டிருக்கேன். பாவி.

ரெண்டே முக்காலுக்கு ஜெயிச்சோம். கடைசிச் சீட்ட மேசமேல ஓங்கி அடிச்சு எந்திரிச்சேன், கை தட்டுவாங்கன்னு பாத்தா எல்லாரும் தல குனிஞ்சு நின்னாங்க. பத்து நிமிஷத்துல ஆபீஸ் கிளார்க் வேர்த்து விறுவிறுத்து உள்ள வந்தாரு. துபாய்க்குப் பாதித் தூரம் போனவரு சேதி கேட்டு வண்டியத் திருப்பிட்டு வந்து லாக்கரத் தொறந்திருக்காரு. அவரு கையில என் பாஸ்போர்ட்டு. அதப் பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வழக்கந்தான் எனக்கும் தெரியுமே.

ஜெயிச்ச டிக்கெட்டுக்கு அன்னிக்கு ராத்திரி பிளைட்டுக்கே எடம் வாங்கிட்டாங்க. துபாய் ஏர்ப்போர்ட்டுக்குப் போற வண்டில அண்ணன் என் பக்கத்துல ஒக்காந்திருந்தாரு. அக்காவுக்கு ஃபோன் போடுங்க, ஐஸ் பொட்டில வச்சிருக்கச் சொல்லுங்க, காலைல நான் வந்துருவேன்னேன்.

"எடுத்துட்டாங்க தம்பி"ன்னாரு. "வச்சிருக்கவா எடுத்துரவான்னு கேட்டாங்க. அப்ப கிளார்க் ஃபோனே கெடைக்கல. வெள்ளிக்கிழம, பாஸ்போர்ட்டு வராதுன்னு நெனச்சுட்டேன். எடுத்துருங்கன்னு சொல்லிட்டேன்."

அவரு சட்டையப் புடிச்சுட்டேன். எனக்குப் பதிலாச் சொல்ல நீங்க யாருன்னு கத்தினேன். டிரைவர் வண்டிய ஓரங்கட்டினாரு. அண்ணன் சட்டைய விடுவிச்சுக்கல, அடிச்சுக்கன்னு சொல்ற மாதிரி அப்படியே இருந்தாரு. அடிக்க எனக்குக் கை வரல. அவரு தோள்லயே சாஞ்சு அழுதேன். அவருதான் பாழாக்கினாரு, அழுகுறதுக்கும் அவரத் தவிர எனக்கு அங்க ஆளில்ல.

மறுநாள் காலைல வீட்டுக்குப் போய்ச் சேந்தேன். வாசல் கழுவிக் காஞ்சு கெடந்துச்சு. அக்கா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. கொஞ்சம் அடங்கினப்புறம் கேட்டுச்சு.

"ஏண்டா, ஒரு ராத்திரி வச்சிருக்க மாட்டமா? நீயே எடுத்துரச் சொன்னியாம்ல."

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. ஒரு வேத்து மனுஷன் சொல்லி எங்க சனம் எடுத்திருக்காது. நான் சொன்னதாத்தான் அண்ணன் சொல்லியிருக்காரு. இல்லக்கா, எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிருக்கலாம். சொன்னா, அடுத்து என்ன கேக்கும்? அந்நேரம் நீ எங்கடா இருந்தன்னு கேக்கும். அம்மாவத் தூக்கினது இங்க நாலு மணிக்கு, அப்ப அல் ஐன்ல மணி ரெண்டரை. ஜெயிக்கப் போறோம்னு நான் சீட்டக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்த நேரம்.

"ஆமாக்கா, நான்தான் சொன்னேன்"னேன். அக்கா என் கைய விட்டுட்டு உள்ள போயிருச்சு.