கோயிலைக் கண்டு முழந்தாளிட்ட குதிரை

1997 யூன் மாதம் எட்டாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டு வாசலில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நின்ற மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராசா, கிராண்ட்பாஸ் பகுதிக் குதிரைக்காரர் ஸஹாப்தீனை முதன்முதலாகச் சந்தித்தார். ஸஹாப்தீன் தனியே வரவில்லை. பேகம் என்ற வெள்ளைக் குதிரையையும் பிடித்து வந்திருந்தார்.

வெள்ளவத்தையில் காப்புறுதிக் கணக்குகளோடு காலந்தள்ளிய ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் குதிரையேறும் ஆசை என்றும் இருந்ததில்லை. அது பெண்ணின் பெரியப்பா தியாகராசாவின் யோசனை. முந்திய மாதம் அவருடைய தங்கை மகனின் கலியாணக் காரைச் சோதனைச்சாவடியில் சிப்பாய்கள் மறித்து, டிக்கியைத் திறந்து, பலகாரத் தட்டங்களையெல்லாம் கிண்டிப் பார்த்ததில் முகூர்த்தம் தவறிவிட்டது. "குதிரைக்கு டிக்கி இல்லை" என்றார் தியாகராசா. ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபரான அவரின் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

கடலோரக் காலிமுகத்திடலில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவதும் கலியாணங்களுக்குக் குதிரை கொடுப்பதும் ஸஹாப்தீனின் பிழைப்பு. அவர் குதிரையிடம் பொய் சொன்னதில்லை; குதிரைக்காகச் சொன்ன பொய்கள் ஏராளம்.

ஊர்வலம் புறப்பட்டது. வழியில் சாவடிச் சிப்பாய் பேகத்தை ஒருமுறை சுற்றிவந்தான். எதைத் திறப்பதென்று தெரியாமல் மாப்பிள்ளையின் அடையாள அட்டையைப் பார்த்தான்; கடமைக்குக் குதிரையின் பல்லையும் பார்த்துவிட்டுப் போகவிட்டான். ஆகவே ஊர்வலம் நேரத்துக்கு முன்னமே கோயில் முகப்பை எட்டிவிட்டது. தியாகராசா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொடி காட்டும் பாவனையில் கையை உயர்த்தி, மேளத்தையும் குதிரையையும் நிறுத்தினார்.

நின்ற சிறிது நேரத்தில் பேகத்தின் தலை தாழ்ந்தது; இமைகள் மூடின; முன்னங்கால்கள் மடிந்தன. மாப்பிள்ளை அதன் கழுத்து வழியாகச் சறுக்கி, கோயிலை நோக்கியபடி தெருவில் அமர்ந்தார்.

"சகுனம் சரியில்லை. நிப்பாட்டுங்கோ" என்றார் பெண்ணின் மாமி கனகேஸ்வரி. பலர் தலையாட்டினார்கள். இரண்டு வருடம் காத்திருந்து கூடிவந்த கலியாணம் தெருவிலேயே கலையப்போவதை ஸ்ரீஸ்கந்தராசா இருந்த இடத்திலிருந்தே கண்டார்.

"சகுனமா அக்கா?" என்றார் ஸஹாப்தீன் நிதானமாக. "கோயிலக் கண்டா இவ முட்டி போட்டுத்தான் கும்பிடுவா. எல்லாருக்கும் போடமாட்டா. ஏறியிருக்கிற மாப்புள நல்லவரா ஈக்கணும்."

"மெய்யோ நானா?" என்று, முஸ்லிம்களை அண்ணன் முறையில் விளிக்கும் சொல்லால் கேட்டார் தியாகராசா.

"பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது, ஐயா."

அதற்குள் பேகம் விழித்து, எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் உடம்பை உதறியது. கனகேஸ்வரி அதற்குக் கற்பூரம் காட்டினார். தாலி உரிய நேரத்தில் ஏறியது.

பந்தி முடிந்ததும் ஸ்ரீஸ்கந்தராசா ஸஹாப்தீனை ஒதுக்குப்புறமாக அழைத்தார். "உண்மையைச் சொல்லுங்கோ நானா. என்ன வருத்தம் இதுக்கு, ஏதும் நோயோ?"

"தூக்கம் தம்பி. குதிர நின்டுக்கிட்டே கண்ணயரும். ஆனா ஆழமாத் தூங்கப் படுக்கணும். எங்கட சந்து முனையில புதுச் சாவடி வந்திருக்கு. ராவெல்லாம் லைட்டு, ஜெனரேட்டர். பயத்துல இவ படுக்கிறதே இல்ல. அதான் பகல்ல விழுறா. மிருக வைத்தியரும் அப்படித்தான் சொன்னார்."

"தெரிஞ்சுகொண்டோ என்னை ஏத்தினியள்?"

"நடக்கக்குள்ள விழமாட்டா. ஒங்கட பெரிய மாமா ரயில நிப்பாட்டுற மாதிரி நிப்பாட்டுவார்னு யாருக்குத் தெரியும்? ஆனா ஒன்டு. ஒங்களுக்காக ஒரு பொய் சொல்லிட்டேன். எனக்குத் தேவப்படுற அன்னக்கி நீங்களும் ஒன்டு சொல்லணும்."

"ஓம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

கும்பிடும் குதிரையின் புகழ் கொட்டாஞ்சேனையெங்கும் பரவியது. இதற்கிடையில் ஸஹாப்தீன் அதைக் கல்கிசையில் ஒரு நண்பரின் அமைதியான வீட்டு வளவுக்கு மாற்றியிருந்தார். பேகம் இரவில் கால்நீட்டிப் படுத்தது. பகலில் விழுவதை மறந்தது. அடுத்த ஆவணியில் ஒரு நகைக்கடைக்காரரின் மகனை ஏற்றிச் சென்றபோது, கோயில் முகப்பில் தூண்போல் நின்றது. பெண்வீட்டார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவனிடம் என்ன குறை என்று குசுகுசுத்தார்கள்.

அன்று கொட்டாஞ்சேனை உறவினர் வீட்டுக்கு வந்திருந்த ஸ்ரீஸ்கந்தராசா செய்தி கேட்டு ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தார். குதிரைக்குக் கால் பிடிப்பு, அதனால்தான் மடக்கவில்லை என்று சொல்ல வழிநெடுக ஒத்திகை பார்த்திருந்தார். ஸஹாப்தீன் அவரைக் கண்டார், கண்டும் கூப்பிடவில்லை. நடுத்தெருவில் நின்று பெண்ணின் தகப்பனிடம் சொன்னார்:

"புள்ளயில ஒரு குறையும் இல்ல ஐயா. இவ எந்தக் காலத்திலயும் கும்பிட்டதில்ல. அன்னக்கித் தூங்கி விழுந்தா. நான்தான் கதை கட்டினேன்."

வசவு பொழிந்தது, கலியாணம் நடந்தது. அதன்பின் கொட்டாஞ்சேனையில் எவரும் பேகத்தை அழைக்கவில்லை. ஸஹாப்தீன் காலிமுகத்திடலில் பிள்ளைகளோடு காலத்தைக் கழித்தார். ஸ்ரீஸ்கந்தராசா தம் பிள்ளைகளைச் சவாரிக்குக் கூட்டிப்போகும் போதெல்லாம், "நானா, என்ர பொய் இன்னும் கிடக்கு" என்பார். ஸஹாப்தீன் சிரித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சேணத்தில் வைப்பார். அந்தப் பொய்யைக் கடைசிவரை அவர் கேட்கவே இல்லை.