பட்லர் பால்ராஜின் இங்கிலீஷ்

பூந்தமல்லியில் துரைமார் குடியிருந்த நாளில், பட்லர் பால்ராஜுக்குக் கையும் வாயும் ஒரே வேகம். புட்டிங்கை மேசையில் வைத்த கையோடு, "டுடே மோர் பெட்டர், மேம்! டூ மச் குட்!" என்பார். துரைசாணி வாய்விட்டுச் சிரிப்பாள். தட்டும் காலியாகிவிடும். அவர் வீட்டு உலை பல வருஷம் அந்த இங்கிலீஷில்தான் கொதித்தது.

அந்தச் சோற்றைத் தின்று படித்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சரான மகள் ஞானகுமாரிக்குத்தான் அது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது. 'பெட்டர்' என்றாலே ஒருபடி மேல் என்றுதான் அர்த்தம். அதன் தலையில் 'மோர்' எதற்கு? 'டூ மச்' என்றால் அளவு மீறிப் போனது. ருசியைப் புகழ 'வெரி' இருக்கிறதே! வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படிச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவாள்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு பால்ராஜ்தான் கேக் செய்து கொண்டுவந்தார். விருந்தாளியாக வந்திருந்த வெள்ளைக்காரச் சீமாட்டியிடம் கேக்கை நீட்டியவர், அதோடு விட்டாரா? "மை டாட்டர் மோஸ்ட் பெஸ்ட் டீச்சர், மேம்!" என்றார், முகமெல்லாம் பல்லாக. மற்ற டீச்சர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஞானகுமாரிக்கு மானமே போய்விட்டது. "பெஸ்ட்டுன்னா போதும்பா, மோஸ்ட் வராது. சின்ன கிளாஸ் பசங்களுக்கே தெரியும். தெரியலன்னா கம்னு இருக்கக் கூடாதா?" என்றாள், அத்தனை பேர் காதிலும் விழும்படி.

"சரி கண்ணு" என்று தட்டை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். அப்புறம் அவர் வாயில் இங்கிலீஷே வரவில்லை. தொல்லை விட்டது என்றுகூட நினைத்தாள், மகராசி.

கொஞ்ச காலத்தில் துரைசாணி சீமைக்குக் கப்பலேறினாள். அவளுடைய பங்களாவுக்குப் புதிதாக வந்த துரைசாணி, சமையலுக்கு ஆள் எடுக்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். வேலை அப்பாவுக்குத்தான் என்ற நிச்சயத்தில், அவருடைய வெள்ளைக் கோட்டை ஞானகுமாரியே இஸ்திரி போட்டு அனுப்பினாள். உச்சி வெயிலில் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வேற ஆளு வச்சிட்டாங்க கண்ணு."

"இன்னாப்பா கேட்டாங்க?"

"மட்டன் ரோஸ்ட் நல்லா பண்ணுவியான்னாங்க. டூ மச்சுன்னு வாய் வரிக்கும் வந்துச்சு. நீதான் கூடாதுன்னுட்டியே. அப்பால வெரியா, மோரா, மோஸ்ட்டான்னு ரோசன பண்ணிகினே நின்னேன். இவனுக்கு இங்கிலீஷே தெரியலன்னு அனுப்பிட்டாங்க."

ஞானகுமாரி கூனிக் குறுகிப் போனாள். கற்றுக்கொண்ட அத்தனை இலக்கணமும் அந்த நிமிஷம் அவளுக்குக் கசந்தது. "எப்டியோ பேசியிருக்கலாமேப்பா! அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமே" என்றாள், அழாத குறையாக.

"புரியும்மா" என்றார் பால்ராஜ், கோட்டைக் கழற்றி மடித்தபடி. "ஆனா அந்தம்மா நாளைக்கு உன் ஸ்கூலுக்கும் வருமே. நான் உன் அப்பன்னு தெரிஞ்சா உனக்குத்தானே வெக்கம்?"