பாய்லர்காரரின் பித்தளை எஞ்சின்

ராயபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வே பாய்லர் தொழிலாளி. இரும்புத் தகடுகளில் ரிவெட் ஆணி அடித்து அடித்து இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் பாதியில் விட்டுப்போன பித்தளை எஞ்சின் பொம்மையை, உதட்டில் ஸ்க்ரூவைக் கவ்வியபடி தினமும் பூட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறன்று என்னைக் கூப்பிட்டு, எஞ்சினுக்கு அடியில் இருந்த ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். நீராவி ஏறியதும் எஞ்சின் மேசைமேல் நகர்ந்தது. விசிலைத் திறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஊதுதா நைனா?"

புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மனசு கேட்காமல் தலையாட்டினேன்.

"பொய் சொல்றே. பூன தூங்கிகினு கீது பாரு!" என்று ஜன்னலைக் காட்டிச் சிரித்தார். விசிலைக் கழற்றி அராவி மாட்டினார்.

இம்முறை பூனை எகிறிக் குதித்து ஓடியது. அவர் கைதட்டினார்.

தன் காதில் விழாத சத்தத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.