ஸ்டார்ட்டருக்குள் நான் செருகிய மரத்துண்டு

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம். வவுணதீவில் நான் நடத்தும், மா அரைக்கும் சிறிய மில்லில் காலையிலிருந்தே கூட்டம். அரிசியும் மிளகாயுமாக வாளிகள் வாசல்வரை நின்றன. வேலைக்கு நானும் ஓர் அக்காவும் மட்டும்தான். அவர் எனக்கு உறவில்லை. ஆனால் ஆறு வருடமாக ஒரே மாத்தூசியைச் சுவாசிக்கிறோம்.

அதற்கு முதல்நாள் மோட்டரின் ஸ்டார்ட்டர் பெட்டி பழுதாகியிருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகி, ஓர் இரும்புத் தகட்டை டக்கென்று இழுத்துப் பிடிக்கும். உடனே மோட்டர் ஓடும். அந்தச் சுருள் கருகிவிட்டது. மோட்டர் திருத்தும் ஏறாவூர் நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"நான் வர ரெண்டு மூணு நாள் செல்லும் தங்கச்சி. அதுவரைக்கும் மில்ல ஓட்டாதீங்க" என்றார்.

புத்தாண்டு வாரத்தில் மில்லை மூடுவதா? பெட்டியைத் திறந்து, காந்தம் இழுக்க வேண்டிய தகட்டை நானே உள்ளே தள்ளி, அது திரும்பி வராதபடி ஒரு மரத்துண்டைச் செருகினேன். மெயின் சுவிட்சைப் போட்டதும் மோட்டர் ஓடியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சுவிட்சுகள் எல்லாம் என் பொறுப்பு என்பதால் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிபோல் கறண்ட் போனது. மோட்டர் நின்றது.

"புள்ள, பெல்ட் வழுக்குது. துடைச்சிப்போட்டு வாறன்" என்றார் அக்கா.

"ஓம் அக்கா" என்றேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. பின்பக்கம் போய் ஜெனரேட்டரை இயக்கி, கறண்டை மாற்றிக் கொடுக்கும் சுவிட்சைத் திருப்பினேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். விளக்குகள் எரியும். யாராவது வந்து பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டர் காத்திருக்கும். மரத்துண்டு என் நினைவிலேயே இல்லை.

விளக்குக்கு மட்டும் என்றால் ஜெனரேட்டர் இலேசாக ஓடும். அன்று சுவிட்சைத் திருப்பிய கணமே அதன் சத்தம் கனத்தது, பாரம் தூக்குவதுபோல் முக்கியது. மோட்டர் ஓடத் தொடங்கினால்தான் அது அப்படி முக்கும். எனக்கு விளங்கிவிட்டது. அதே நேரம் உள்ளேயிருந்து அக்காவின் அலறல்.

சுவிட்சைத் திரும்ப இழுத்தேன். கறண்ட் நின்றும் மோட்டர் உடனே நிற்கவில்லை. பெல்ட் ஓடும் சில்லு சுழன்று ஓயும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவுக்குப் பத்து அடிதான். ஒவ்வோர் அடியாகத்தான் போனேன். உள்ளே போனால் எதைக் காண்பேன்? அக்காவுக்குக் கை இருக்குமா? உயிர் இருக்குமா?

அக்கா நிலத்தில் இருந்தார். தலை முதல் கால்வரை மா. வலது கையை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். அந்த இடத்து மா மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

"துவாய இழுத்திற்று புள்ள... துவாய இழுத்திற்று..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெல்ட்டைத் துடைத்த துவாயைச் சில்லு விழுங்கியிருந்தது. கையில் அவர் அதைச் சுற்றியிருக்கவில்லை. சும்மா பிடித்திருந்ததால் உருவிக்கொண்டு போய்விட்டது. இரண்டு விரல்களில் தோல் உரிந்து, ஒரு நகம் போயிருந்தது. ஆட்டோவில் ஏற்றி, வாவிப் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க, "எனக்கு ஒண்டுமில்ல புள்ள" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

திடீரென்று கறண்ட் வந்துவிட்டது என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் அதை மறுக்கவில்லை. உண்மை தெரிந்துவிடுமே என்ற பயம், அந்த அலறலைவிடப் பொல்லாததாக இரண்டு இரவு என்னை அரித்தது.

நானா வந்த அன்று அக்காவும் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றார். நானா பெட்டியைத் திறந்து மரத்துண்டை உருவினார்.

"இத ஆர் வெச்ச?"

"நான்தான்" என்றேன். அக்காவைப் பார்க்க முடியவில்லை.

நானா ஏசவில்லை. "மோட்டருக்குக் கறண்ட் குடுத்தா சுத்தும். ஜெனரேட்டரச் சுத்தினா கறண்ட் தரும். கிட்ட ஆர் கை இருக்கெண்டு ரெண்டுக்கும் தெரியா தங்கச்சி. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற காந்தம் சுத்தவும் மாட்டா, கறண்ட் தரவும் மாட்டா. கறண்ட் இருக்கக்குள்ள பிடிக்கும், போனா விட்டிரும். திரும்பக் கறண்ட் வந்தாலும் ஒரு ஆள் வந்து பொத்தான அமத்தாமப் பிடிக்காது. ஆளக் காப்பாத்திறதே அந்த விடுறதுதான். நீங்க அத விட விடல்ல."

மோட்டர், ஜெனரேட்டர், மின்காந்தம் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளிக்கூடப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.

அக்கா அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு கிழமை வரவில்லை. கடைசியில் நானே அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்தார்.

"வாறன் புள்ள. ஆனா நான் உள்ளுக்குக் கை வெச்சா நீ பின்னுக்குப் போகப்படாது. எனக்குப் பக்கத்திலேயே நிக்கோணும்."

மறுவாரம் அவர் வந்தார். இன்றும் கறண்ட் போனால் என் கை சுவிட்சைத் தேடுவதில்லை. என் கண் முதலில் தேடுவது அக்காவின் இரண்டு கைகளையும்தான்.